வலது விரலில் இருந்த மை

அஞ்சலையின் ஓட்டை நான் மாற்றிப் போட்டேன்.

அவள் சொன்ன சின்னத்துக்குப் போடவில்லை. என் மனதில் இருந்த சின்னத்துக்குப் போட்டேன். அவளுக்குக் கண் தெரியாது. என்னை நம்பித் துணைக்கு அழைத்துப் போனாள். போன தேர்தலில் நடந்தது இது. இதுவரை வாய் திறக்கவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னைத் தேற்ற வேண்டாம். கேட்டுக்கொண்டால் போதும்.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. எழுத்தைச் சுவரில் கற்றேன். நானும் அஞ்சலையும் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை செய்தோம். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரப் பிசிறை ஈரப் பஞ்சால் துடைக்கிற வேலை. தேர்தல் வந்தால் வழியெல்லாம் சுண்ணாம்பு அடித்துப் பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். வேலை விட்டு வரும்போது நின்று நின்று கூட்டிப் படிப்பேன். என் வாழ்க்கையில் நான் முழுதாகப் படித்த முதல் வரி, எங்கள் கட்சிக்கு ஓட்டுக் கேட்ட வரி.

அன்றிலிருந்து நான் கட்சிக்காரி. ஊர்வலத்தில் முன்வரிசையை விட்டு ஒருநாளும் பின்னால் நடந்ததில்லை. திமிர் பிடித்தவள் என்பார்கள். பிடித்தவள்தான்.

வயது அந்தத் திமிரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் எடுத்துக்கொண்டது. பட்டறைத் தூசி என் நெஞ்சில் தங்கிவிட்டது. தெருமுனை வரை நடந்தால் மூச்சு வாங்குகிறது. அஞ்சலைக்குச் சர்க்கரை. அது முதலில் அவள் கால் விரலைத் தின்றது, பிறகு இரண்டு கண்ணையும் தின்றது.

வேலையை விட்ட பிறகு எங்களுக்கு மிஞ்சியது தூண்டில். இரண்டு கிழவிகள் ஷேர் ஆட்டோவில் மூங்கில் கழியோடு ஏரிக்குப் போவதைப் பார்த்து ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே! மாசி மகத் தேர் நிலைக்கு வந்துவிட்டால் ஏரியில் தண்ணீர் இறங்கத் தொடங்கும். கரைப் புங்கமரம் பூவைக் கொட்டும். வேம்பு பூத்து, காற்றிலேயே ஒரு மெல்லிய கசப்பு இருக்கும். அந்த இரண்டு மாதம்தான் எங்களுக்கு வருடம்.

கண் போன பிறகு அஞ்சலை கழியை விட்டாள். நூலை மட்டும் ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு உட்காருவாள். என்னைவிட அதிகம் பிடித்தாள்.

"ரெண்டு கண்ணு இருந்து என்னாக்கா புண்ணியம்? ஒரு கெண்டையாச்சும் மாட்டுச்சா?" என்று என்னைச் சீண்டுவாள்.

"ஒனக்கு எப்பிடிடி தெரியுது?"

"கெண்டைன்னா கிள்ளும். கெளுத்தின்னா இழுத்துக்கிட்டு ஓடும். நண்டு சும்மா கனக்கும். நூலு பொய் சொல்லாதுக்கா."

அவள் சொன்னதுதான் மேலே வரும். அவள் கணிப்பு தப்பி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்று பின்னால் தெரியும் உங்களுக்கு.

ஒரு பங்குனியில் எங்கள் கட்சி ஆள் ஒருவன் பொக்லைன் வைத்து அந்த ஏரியில் மண் எடுத்தான். கரையை ஒட்டி ஆள் உயரத்துக்குப் பள்ளம். கால் பழகிய வழிதானே என்று அஞ்சலை எனக்கு முன்னால் நடந்தாள். என் மூச்சுக்கு அவளை எட்டிப் பிடிக்க முடியவில்லை. "நில்லுடி" என்று கத்தவும் முடியவில்லை. விழுந்தாள். இடுப்பில் அடி. அந்த வருடம் வேம்பு காய்த்து உதிரும் வரை அவள் பாயை விட்டு எழவில்லை.

நான் அவனிடம் போய் நின்றேன். அவன் அப்பன் கொடி பிடித்த காலத்திலேயே நான் முன்வரிசையில் நடந்தவள். அவன் நாற்காலியை விட்டு எழவில்லை.

"கண்ணு தெரியாத கெழவிக்கு மீனு ஒரு கேடா? போ ஆயா, வூட்டுல உக்காந்து டிவி பாரு."

அன்றைக்கு எனக்குள் கட்சி செத்தது. ஒரு பள்ளத்துக்காகவா என்று நீங்கள் கேட்கலாம். எத்தனையோ வருடமாக உள்ளே அரித்துக்கொண்டிருந்தது, அந்தப் பள்ளத்தில் வந்து விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அஞ்சலைக்குள் அது சாகவில்லை. இடுப்பில் பற்றுப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அவன் ஒருத்தன் பண்ணதுக்குக் கட்சி என்னாக்கா பண்ணும்? புருசன் குடிக்கிறான்னு எவளாச்சும் தாலிய அறுத்துப் போட்டாளா?"

"நான் மாறிவிட்டேன்" என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாறாதவள் என்று பெயர் எடுத்தவளுக்கு அந்தச் சொல் வாயில் வராது.

அடுத்த வருடம் தேர்தல் நாள். அவளைக் கையைப் பிடித்து வாக்குச்சாவடிக்கு அழைத்துப் போனேன். துணைக்கு வந்தவள் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அவள் ஓட்டை வெளியே சொல்ல மாட்டேன் என்ற உறுதியும் அதில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் போட்டேன். அந்த ஒன்றை ஒழுங்காகக் காப்பாற்றினேன்... இன்று வரை.

முதலில் என் ஓட்டு. இடது விரலில் மை. மறைப்புக்குள் நின்றேன். வேறு பொத்தானை அழுத்தத்தான் போனேன். விரல் போகவில்லை. அது பயம். வேறு பெயர் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். அந்தச் சின்னத்தை விட்டுவிட்டால் நான் யார்? சுவரைப் பார்த்து நின்ற எழுத்துத் தெரியாதவள்தானே! பழைய பொத்தானையே அழுத்தினேன்.

பிறகு அவளுடையது. துணைக்குப் போகிறவருக்கு வலது விரலில் மை வைப்பார்கள். வைத்தார்கள்.

"எத்தினியாவதுக்கா நம்மது?" என்று காதில் கேட்டாள்.

"ரெண்டாவது."

"எங் கையும் கூட இருக்கட்டும்" என்று சொல்லி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

என் கை இரண்டாவதைத் தாண்டிக் கீழே இறங்கியது. என் ஓட்டில் வராத துணிச்சல் அவள் ஓட்டில் வந்தது. இது அவள் இடுப்புக்கு என்று சொல்லிக்கொண்டேன். அழுத்தினேன். நீளமாக ஒரு சத்தம் வந்தது.

"வுழுந்துடுச்சா?"

"வுழுந்துடுச்சு."

வெளியே டீக்கடையில் ஒருவன் என் கைகளைப் பார்த்துவிட்டான். "என்னா ஆயா, ரெண்டு கையிலயும் மை? கள்ள ஓட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலைதான் பதில் சொன்னாள்: "போடா போக்கத்தவனே. ஒண்ணு அவளுது, ஒண்ணு என்னுது. என் ஓட்டு அவ கையில இருக்குது." அவள் முகத்தில் அத்தனை பெருமை. நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் ஏரிக்கரை. நூலை விரலில் சுற்றியபடியே கேட்டாள்.

"அன்னிக்கு ஏங்க்கா ஒன் கை அப்பிடி நடுங்குச்சு?"

"மூச்சு வாங்குச்சுடி."

"ம்" என்றாள். நூலை மெதுவாகச் சுருட்டினாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

அந்த "ம்" என்ற ஒரு எழுத்தை வைத்துக்கொண்டுதான் நான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத மீனை நூலில் அறிந்தவள் அவள். என் மணிக்கட்டு அவள் பிடியில் இருந்ததே... அது எவ்வளவு கீழே இறங்கியது என்று அவளுக்குத் தெரியாமலா போயிருக்கும்? தெரிந்திருந்தால் ஏன் கையை இழுக்கவில்லை? என்னை ஏன் திட்டவில்லை? அவள் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

விரல் மை நகத்தோடு வளர்ந்து, வெட்டி எறிந்து தீர்வதற்குள் அவள் போய்விட்டாள். சர்க்கரைதான்.

கட்சிக்கொடியை அவள் மேல் போர்த்தினார்கள். பள்ளம் தோண்டினவன் மாலையோடு வந்தான். கடைசி ஓட்டு வரைக்கும் மாறாத தாய் என்று பேசினான். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் ஒரு வார்த்தை சொல்லு ஆயா, ஒங்கூடத்தான ஓட்டுப் போட வந்தாங்க" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மாறாதவ" என்றேன். நிமிர்ந்து நின்று சொன்னேன். முதுகு வளையவில்லை.

அவள் மாறவில்லை என்பது உண்மைதானே என்று சில நாள் என்னையே சமாதானம் செய்து பார்த்தேன். எடுபடவில்லை. அவளுடைய கடைசி ஓட்டு அவளிடம் இல்லாமலே அவளை அனுப்பிவிட்டேன்.

இப்போது மறுபடியும் பங்குனி. பள்ளத்திலும் தண்ணீர் நிற்கிறது. புங்கம்பூ அதன் மேல் மிதக்கிறது. மூச்சுக்கு இரண்டு இடத்தில் நின்று நின்று, நான் மட்டும் கரைக்கு வருகிறேன். கழியைக் கீழே வைத்துவிட்டு நூலை வலது விரலில் சுற்றிக்கொள்கிறேன். கண்ணை மூடிக்கொள்கிறேன்.

இன்று காலையில் நூல் அசைந்தது. கிள்ளியதா, இழுத்ததா, கனத்ததா... எனக்குத் தெரியவில்லை.

அவளுக்குத் தெரிந்திருக்கும்.