லாய் போஷான் பார்த்த மூன்றாம் ஒளி

சமையலறைக் கடிகாரத்தை நாற்பத்தைந்து நிமிடத்துக்குத் திருகி, முழங்காலுக்கு முன்னால் தரையில் வைத்த பிறகுதான் லாய் போஷான் முதுகை நிமிர்த்துவார். தக்காளி வடிவக் கடிகாரம். காம்பு உடைந்துவிட்டது. எங்கள் தியான மன்றத்தின் மற்ற பத்துப் பேரும் ஊதுபத்தி எரிந்து முடிவதைக் கொண்டு நேரம் அறிகிறார்கள். "ஈரத்துல பத்தி மெதுவா எரியும். நம்ம ஊர்ல எது காஞ்சிருக்கு?" என்பார் இவர். எங்கள் துறைமுக ஊரான கீலுங்கில் சென்ற ஆண்டு இருநூற்றுப் பதினோரு நாள் மழை. அவர் சொன்னதை மறுக்க முடியாது.

வயது எழுபத்து நான்கு. துறைமுகத்தில் கப்பல் கொதிகலன்களைப் பழுது பார்த்தவர், முப்பத்தெட்டு ஆண்டுகள். உட்காரும் மெத்தை அவரே தைத்தது. ஏதோ கப்பலிலிருந்து கழித்த உயிர்காப்பு உடைகள் இரண்டைப் பிரித்து, உள்ளிருந்ததைத் திணித்திருக்கிறார். "கட்டடம் மூழ்கினா நான் மட்டும் மிதப்பேன்."

எங்கள் மன்றம் கணவாய்க் கருவாட்டுக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருக்கிறது. இங்கே சொல்லித் தருவது உள் ரசவாதம். அடிவயிறு உலை, மூச்சு நெருப்பு. பல ஆண்டுகள் அளவாகக் காய்ச்சினால் உள்ளே ஒரு குளிகை திரளும், அது திரண்டால் மூப்பு தொடாது என்பது நம்பிக்கை. மன்றத் தலைவர் ஹோ இதை விளக்கும்போதெல்லாம் லாய் மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

"உலையைப் பத்தி எனக்கா சொல்றீங்க? அதுக்குள்ள தலையை விட்டே பொழைச்சவன் நான். அடியில கரி இருக்கும், மேல துரு இருக்கும். குளிகை ஒண்ணும் கெடைக்கல."

"வயித்துல சூடு தெரியுதா இல்லையா, லாய்?" என்று ஒருமுறை ஹோ மடக்கினார்.

"போர்வையைச் சுத்தி முக்கால் மணி நேரம் உக்கார வெச்சா பூனைக்கும் தெரியும், தலைவரே."

இப்படிப் பேசுகிறவர்தான் காலையில் முதல் ஆளாகப் படியேறுகிறார். இருபத்து மூன்று ஆண்டுகளில் அவர் வராத நாட்கள் அறுபத்து நான்கு. ஏன் வருகிறீர்கள் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்பதுண்டு. "உக்காந்தா முதுகு நேராகுது. பொண்டாட்டி மேல கோவம் வர்றது கொறைஞ்சுது. அவ போய்ச் சேர்ந்தா. ஆனா பழக்கம் போகல. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல, நீங்களா சேர்த்துக்காதீங்க." முடிந்ததும் முனைக்கடையில் வேர்க்கடலைக் கஞ்சி குடிப்பார். அங்கே மற்றவர்களைத் தன் இடப்பக்கமாகவே உட்கார வைப்பார். தெருவில் நடக்கும்போது சுவர் வலப்பக்கம் இருக்க வேண்டும். வலக்கண் வெந்த மீனின் கண்ணைப் போல வெளுத்திருக்கிறது.

அந்தக் கண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

குளிகை திரளுவதற்கு அடையாளம் ஒளி. கண் மூடியிருக்கையில் புருவ நடுவில் மின்னலைப் போல மூன்று முறை தோன்றும். மூன்றாவது தோன்றியதும் நெருப்பை அணைக்க வேண்டும். அதாவது, மன்றத்துக்கு மேலே உள்ள மாடி அறையில் இருபத்தொரு நாள் தனியே கிடக்க வேண்டும். கீழே இறங்கக் கூடாது. யாரும் தொடக் கூடாது. அந்த நாட்களில் உடம்பில் எது வந்தாலும் பழைய அழுக்கு எரிகிறது என்று விட்டுவிட வேண்டும். பதினேழு ஆண்டுகளுக்கு முன், அக்டோபர் ஒன்பதாம் நாள் காலை ஆறு இருபத்திரண்டுக்கு லாய் மூன்றாம் ஒளியைக் கண்டார். அப்போது அவர் எல்லாவற்றையும் நம்பினார். மன்றத்தில் எல்லோரும் அழுதோம். மன்ற ஏட்டில் அதைச் சிவப்பு மையால் எழுதியவன் நான். புதியவர்கள் வந்தால் ஹோ அந்தப் பக்கத்தைத்தான் பிரித்துக் காட்டுவார்.

இந்த ஆண்டு மார்ச்சில் யென்ஹுவா ஒளியைக் கண்டாள். சந்தையில் மீனுருண்டை விற்பவள், ஐம்பத்தாறு வயது, தடித்த கண்ணாடி. திங்களன்று ஒருமுறை, புதனன்று ஒருமுறை. வெள்ளிக்கிழமை உட்கார்ந்த இடத்திலேயே கையை உயர்த்தி, "வந்துடுச்சு," என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. ஹோ உடனே மாடி அறைக்கு மெத்தையும் வெந்நீர்க் குடுவையும் அனுப்பினார்.

லாய் எழுந்துபோய் மாடிப்படியின் முதல் படியில் உட்கார்ந்துகொண்டார். அவரைத் தாண்டாமல் மேலே போக முடியாது.

"நகருங்க அண்ணே," என்றாள் யென்ஹுவா.

"நகர்றேன். மொதல்ல எடது கண்ணைக் கையால மூடிக்கோ. அந்தச் சுவத்துக் காலண்டரைப் பாரு. நாலு மூலையும் தெரியுதா?"

அவள் சிரித்துக்கொண்டே மூடினாள். பிறகு சிரிப்பு நின்றது. "கீழ் மூலையில ஏதோ கருப்பா… பாவாடைக் கரை மாதிரி இருக்கு."

"எப்பத்திலேருந்து?"

"நேத்துலேருந்து."

"அழுக்கு எரியுது. வேற ஒண்ணுமில்ல," என்றார் ஹோ.

"எனக்கும் இதே வார்த்தையைத்தான் சொன்னீங்க. யென்ஹுவா, இப்பவே கண்ணாஸ்பத்திரிக்கு வா. கண்ணுக்கு உள்ள இருக்குற படலம் கிழியுது. மின்னல் மாதிரி தெரியுறது அதுதான்."

"உங்களுக்குக் கெடைச்சது நெலைக்கல. அதனால யாருக்கும் கெடைக்கக் கூடாதா அண்ணே?" அவள் குரலில் கோபத்தைவிட அழுகைதான் அதிகம். "உங்க பேருதான் ஏட்டுல செவப்புல இருக்கு. நான் பாத்திருக்கேன்."

லாய் என் பக்கம் திரும்பினார். "ஏட்டுக்காரரே, அடுத்த பக்கத்தைப் படிங்க."

அந்தப் பக்கத்தை யாரும் கேட்டதில்லை. ஹோ இருக்கும்போது நானாகப் பிரித்ததுமில்லை. எடுத்துப் படித்தேன். 'பன்னிரண்டாம் நாள்: வலக்கண்ணின் கீழ் மூலையில் கருங்கரை தெரிவதாக லாய் சொன்னார். அறையிலேயே இருக்கச் சொல்லப்பட்டது. பத்தொன்பதாம் நாள்: கருப்பு முழுவதும் மூடிவிட்டதாகச் சொன்னார். இருபதாம் நாள்: மருத்துவமனை. காலம் கடந்துவிட்டது என்றார்கள். வலக்கண் பார்வை இல்லை.'

கீழே கருவாட்டுக் கடையின் இரும்புக் கதவைத் தூக்கும் சத்தம் கேட்டது. யென்ஹுவா இடக்கண்ணைக் கையால் மூடியபடியே நின்றாள். பிறகு தன் செருப்பைத் தேடினாள். லாய் குடையை விரித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் இறங்கினார். ஹோ வெந்நீர்க் குடுவையைத் தாமே கீழே கொண்டுவந்து வைத்தார்.

அன்று மாலையே அறுவை சிகிச்சை செய்துவிட்டார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று மருத்துவர் சொன்னாராம். நாற்பத்தோராம் நாள் யென்ஹுவா மன்றத்துக்குத் திரும்பி வந்தாள். தன் மெத்தையை லாயின் மெத்தையிலிருந்து தள்ளி, ஜன்னலோரம் போட்டுக்கொண்டாள். ஊதுபத்தி எரிந்து முடிந்ததும் அவர் அருகில் வந்து நின்றாள்.

"இப்ப மீன் செதில்கூடத் தெளிவாத் தெரியுது அண்ணே."

"நல்லது."

"ஆனா அந்த ஒளி வரவேயில்ல. ஒருக்காகூட. கண்ணைக் குடுத்தீங்க. அதை எடுத்துட்டீங்க."

அவள் மீனுருண்டைப் பொட்டலம் ஒன்றை அவர் மெத்தையின் ஓரம் வைத்துவிட்டு இறங்கிப்போனாள்.

எல்லோரும் கஞ்சிக்குப் போனார்கள். நான் வருகைப் பக்கத்தை முடிப்பதற்காக மூலையில் இருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. நான் இருப்பதை லாய் கவனிக்கவில்லை. அவருடைய வலப்பக்கம் இருந்தேன். தக்காளிக் கடிகாரத்தை எடுத்து மறுபடி ஐந்து நிமிடத்துக்குத் திருகி வைத்தார். இடது உள்ளங்கையால் நல்ல கண்ணை இறுக மூடிக்கொண்டார். வெளுத்த வலக்கண்ணை அகலத் திறந்து, சுவரைப் பார்த்தபடி, கடிகாரம் ஒலிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.