குச்சி நீட்டிய பூவைப் பறிக்காதீர்கள்: கத்தரிக்காக ஒரு மட்டாஞ்சேரிப் பயணம்

2008 ஜனவரியில் நான் மட்டாஞ்சேரிக்குப் போனது அரண்மனை பார்க்க அல்ல, சண்டை போட. உறவுக்காரர் கல்யாணத்தில் பழக்கமான மல்லிகாவுக்கு என்னிடமிருந்த பச்சைக் கத்தரி விதையைக் கொடுத்திருந்தேன். பூத்துக் குலுங்கியும் ஒரு காய்கூட நிற்கவில்லை, விதை மலடு என்று வாடகை வாங்கும் வீட்டுக்காரர் சொல்கிறார் என்று போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் செடிகளைப் பிடுங்கி இடத்தைக் காலி செய்ய வேண்டுமாம், அவர் கார் வாங்கப் போகிறாராம். மலடு என்ற சொல்லை எதைப் பார்த்துச் சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கோயம்புத்தூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயிலில் நான்கு மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து படகுத்துறை இரண்டு கிலோமீட்டர், ஆட்டோ பதினைந்து ரூபாய். மட்டாஞ்சேரிப் படகுக்கு இரண்டரை ரூபாய், அரை மணி நேரம். பாலம் வழியாகப் பஸ்ஸும் உண்டு. ஆனால் அந்த நெரிசலில் என் கோபம் இன்னும் ஏறியிருக்கும். பஜார்த் தெருவில் அரிசி லாரிகளுக்கு நடுவே நடந்தேன். சுக்கு மண்டிகளைத் தாண்டும்போது தும்மல் இலவசம்.

மல்லிகாவின் குடும்பம் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து மூன்று தலைமுறை ஆகிறது. கணவருக்கு நகரசபையில் துப்புரவு வேலை. வரிசை வீடுகளுக்குப் பின்னால், கிணற்றையொட்டி, சிமென்ட் சாக்குகளில் செடிகள். இலையில் ஒரு குறையில்லை. கொடுத்த சாயாவைக்கூடக் குடிக்காமல் பூக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லாமே குட்டைப் பூ.

கத்தரியில் ஒரே செடியில் பல விதமாகப் பூக்கும். நடுவில் இருக்கும் பச்சைக் குச்சி, அதாவது சூல்தண்டு, சில பூக்களில் மஞ்சள் மகரந்தப் பைகளைத் தாண்டி நீண்டிருக்கும். சிலவற்றில் சமமாக இருக்கும், சிலவற்றில் உள்ளேயே ஒடுங்கிவிடும். நீண்ட பூதான் நன்றாகக் காய்க்கும். காயும் பெருத்து வரும், விதையும் நிறையப் பிடிக்கும். சமமான பூ காய்த்தாலும் குறைவு. குட்டைப் பூ பெரும்பாலும் உதிர்ந்துவிடும். இங்கே நீண்ட பூவெல்லாம் எங்கே என்று கேட்டேன்.

"குச்சி நீட்டினது ஆணுப்பூ இல்லியா அக்கா? தெனமும் காலம்பற அதப் பறிச்சு மத்த பூவுல தேச்சு விடறேன்" என்றாள் பெருமையாக.

தலையில் கை வைத்துக்கொண்டேன். யார் சொன்னது என்று கேட்டேன். வீட்டுக்காரராம், மத்தன் கொடி வளர்ப்பவர். நாம் பரங்கி என்கிறோமே, அதுதான். அதில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. நடுவில் ஒற்றைக் குச்சி நிற்பது ஆண். அதைப் பறித்துப் பெண்பூவில் தேய்த்தால் காய் பிடிக்கும். அந்தப் பாடத்தைக் கத்தரிக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கத்தரிப் பூ ஒவ்வொன்றிலும் இரண்டுமே உண்டு, காற்றில் ஆடினாலே மகரந்தம் கொட்டும். பாவம், காய்க்கிற பூவைப் பறித்துக் காய்க்காத பூவில் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மல்லிகாவின் கை எட்டாத கிணற்று மூலைச் செடியில் எக்கி இலையை விலக்கினேன். இரண்டு காய் தொங்கின, பக்கத்தில் குச்சி நீட்டிய ஒரு பூ. எனக்குச் சந்தோஷம். மல்லிகாவுக்கு வீட்டுக்காரர் மேல் கோபம் வந்தது.

அந்நேரம் வீட்டுக்காரரே வந்தார். காய்களைக் காட்டினோம். ஏதோ தப்பிப் பிழைத்தது என்றார். ஆண்பூவைப் பறிக்காவிட்டால் இருக்கிற காயும் போய்விடும் என்று அந்தப் பூவுக்குக் கையை நீட்டினார். மல்லிகா குறுக்கே போய் நின்றாள்.

"நீட்டிட்டு நிக்கறதெல்லாம் ஆணு இல்ல சேட்டா. இது என் செடி. தொடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆள் வரும் என்றார். வரட்டும் என்றாள்.

போகிறவர்கள் கடைசிப் படகின் நேரத்தைத் துறையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கத்தரி வைத்திருப்பவர்கள் பூவைத் திருப்பிப் பாருங்கள், கிள்ளாதீர்கள். எரு குறைந்தாலும் காய்ச் சுமை கூடினாலும் குட்டைப் பூ அதிகமாகும். எருப் போட்டு, முற்றுமுன் காயைப் பறியுங்கள். அதைவிட முக்கியம், யாரோ மலடு என்றார்கள் என்று எதையும் பிடுங்கி எறியாதீர்கள்.

ஞாயிறு மதியம் மல்லிகா போன் செய்தாள். ஆட்கள் வந்தபோது சாக்குகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாளாம். பக்கத்து வீட்டுப் பெண்களும் ஆளுக்கொரு நாற்காலியோடு வந்துவிட்டார்களாம். வந்தவர்கள் சாயா குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

"இன்னும் அஞ்சு சாக்குல மண்ணு நெறச்சு வச்சிருக்கேன் அக்கா" என்றாள். "விதை அனுப்புங்க."