என்னை ஆட்டத்திலிருந்து இறக்கிய பிலோமினா அன்ரி

பிலோமினா அன்ரி இறந்துவிட்டார் என்ற செய்தி எங்கள் அணியின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அவருடைய மகள் எழுதியிருந்தார். அதற்கு நேர் மேலே, முந்தின நாள் அன்ரியே அனுப்பிய குரல்பதிவு ஒன்று இருந்தது. நான் வேலையில் இருந்தேன். ஆய்வுகூடத்தின் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் போட்டுக் கேட்டேன். "பிள்ளையள், சனிக்கிழமை மழை எண்டாலும் வாங்கோ. வராத ஆக்கள் எனக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. எனக்குத் தெரியும்." மூச்சு வாங்கியபடி, ஆனால் வழக்கமான அதட்டலோடுதான் பேசியிருந்தார். இரண்டாவது முறை கேட்க முடியவில்லை.

அவரோடு ஆடியவர்களுக்கும், கோட்டுக்கு வெளியே நின்று அவரிடம் ஏச்சு வாங்கியவர்களுக்கும் நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. ஆனாலும் எங்கள் இருவருக்கும் இடையில் நடந்த ஒன்றை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பாதியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மீதி காருக்குள்ளும் அவருடைய வீட்டுக் குசினியிலும் நடந்தது.

மன்னாரில் பள்ளி அணிக்கு வலைப்பந்து ஆடியவர் அன்ரி. சிட்னிக்கு வந்து, ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தார். வலைப்பந்தை இங்கே நெட்பால் என்கிறார்கள், ஊருக்கு ஊர் பெண்கள் அதை ஆடுகிறார்கள் என்று கண்டதும், கிரவீனில் தன் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் எங்களைச் சேர்க்கத் தொடங்கினார். யாழ்ப்பாணம், மன்னார், திருச்சி, கிள்ளான் என்று பல ஊர்ப் பெண்கள் வந்தோம். கோவிலில் ஒருத்தியைக் கண்டால் சாமி கும்பிட்டு முடிக்கவிடாமல், "உனக்கு நல்ல உயரம். சனிக்கிழமை என்ன செய்யிறனி?" என்று கேட்பார். மாதா கோவிலிலும் முருகன் கோவிலிலும் ஒரே கேள்விதான்.

நான் நடுவில் ஆடினேன். மார்பில் 'சி' என்ற எழுத்தை ஒட்டிக்கொண்டு, கோர்ட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை ஓடுகிறவள். பந்து எங்கிருந்து வந்தாலும் அவள் கை வழியாகத்தான் கூடைக்குக் கீழே நிற்பவர்களுக்குப் போகும். எந்தப் பந்து யாருக்கு, எப்போது என்பதை அவள்தான் தீர்மானிக்கிறாள். பல பருவங்கள் அதை நான் செய்தேன். நன்றாகவே செய்தேன். வீட்டில் எனக்குக் கிடைக்காத ஒன்று, வேலையில் கிடைக்காத ஒன்று, அந்த எழுத்தை ஒட்டிக்கொண்டதும் கிடைத்துவிடும். எங்களோடு மோதும் அணிகள் முதலில் தேடுவது என்னைத்தான். நான் வராத நாளில் தோற்போம் என்பது எல்லோருக்கும் தெரியும். அது எனக்குப் பிடித்திருந்தது.

எனக்கு நாற்பத்திரண்டு வயதானபோது, நாங்கள் வென்ற ஒரு சனிக்கிழமை மத்தியானம், அன்ரி தன் காரில் என்னை வீட்டில் விட வந்தார். வாசலில் நிறுத்திவிட்டு எஞ்சினை அணைத்தார்.

"அடுத்த வருசம் நடுவில தாரணி," என்றார். "இந்த வருசம் முழுக்க அவளை உன்ர பக்கத்தில நிப்பாட்டப் போறன். இதை உனக்குத்தான் முதல் சொல்லுறன். வேற ஒருத்தருக்கும் தெரியாது."

"அன்ரி, இண்டைக்கு நாங்கள் வெண்டனாங்கள்."

"ஓம். தோத்த நாளில சொன்னால் நீ அழுவாய். வெண்ட நாளில சொன்னால்தான் என்னோட சண்டை பிடிப்பாய். பிடி."

நான் பிடிக்கவில்லை. அவரே தொடர்ந்தார். "எங்கட ஆக்கள் ஒருத்தரை இறக்கிறதெண்டால் மேடையில ஏத்திப் பொன்னாடை போத்தித்தான் இறக்குவினம். போத்தின பிறகுதான் அந்த மனுசனுக்கே விசயம் விளங்கும். உனக்குப் பொன்னாடை இல்லை. முகத்துக்கு நேர சொல்லுறன். உன்ர முழங்கால் போகுது. நீ மறைக்கிறாய். நான் பாக்கிறன்."

முழங்கால் பற்றி நான் என் கணவரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. கார்க் கதவைக் கொஞ்சம் பலமாகவே சாத்திவிட்டு இறங்கினேன். அடுத்த பயிற்சிக்குப் போகவில்லை. அன்ரி எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"கோவமோ?"

"ஓம்."

"சரி. கோவத்தோட வா. கோவத்தில நல்லா ஓடுவாய்."

போனேன். உண்மையாகவே நன்றாக ஓடினேன்.

தாரணியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. திருச்சிக்காரர்களான பெற்றோர் கிரவீனில்தான் இருந்தார்கள். என்னைவிட வேகம், என்னைவிட உயரம், பந்து எங்கே போகும் என்பதை என்னைப்போலவே முன்கூட்டி அறிகிறவள். ஆனால் அவள் என் பக்கத்தில் நின்று ஆடத் தொடங்கியதும் ஒரு பிரச்சினை வந்தது. அது வேறெந்த அணிக்கும் வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். நான் அவளுக்கு ஆன்ட்டி. கையில் வந்த பந்தையெல்லாம் எனக்கே தந்தாள். நான் தவறான இடத்தில் நின்றால் கத்திச் சொல்லமாட்டாள். ஒருமுறை நாங்கள் இருவரும் ஒரே பந்துக்கு ஓடினோம். என்னைக் கண்டதும் பஸ்ஸில் இடம் விடுவதுபோலச் சட்டென்று ஒதுங்கி நின்றாள். நான் எட்டிப் பிடிக்கமுடியாத பந்து அது. வெளியே போனது. "ஸாரி ஆன்ட்டி," என்றாள்.

எதிரணிகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டன. எல்லாம் 'ஆன்ட்டி'யிடம்தான் போகும், அவளை மறித்தால் போதும் என்று அவர்களுடைய பயிற்சியாளர்கள் உரக்கச் சொல்வது எங்களுக்கே கேட்டது. அந்தச் சொல்லை ஒரு விளையாட்டு உத்தியாக அவர்கள் உச்சரித்தபோது எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்ரி மட்டும் சிரிக்கவில்லை. அன்றே சட்டம் போட்டார். "கோட்டுக்கு உள்ள ஒருத்தரும் ஒருத்தருக்கும் அன்ரி இல்லை, அக்கா இல்லை. பேர் மட்டும்."

மற்றவர்கள் சமாளித்தார்கள். தாரணியால் முடியவில்லை. அடுத்த ஆட்டத்தில் என்னைக் கூப்பிட வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் "எக்ஸ்கியூஸ் மீ! எக்ஸ்கியூஸ் மீ!" என்று கத்தினாள். நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்.

அதன் பிறகுதான் அந்தத் தேநீர் விருந்து. தன் குசினியில் என்னையும் தாரணியையும் தாரணியின் அம்மா உமாவையும் இருத்திவிட்டு, அன்ரி தேநீர் ஊற்றினார்.

"தாரணி, சீனி வேணுமோ எண்டு இவவிட்டக் கேள். பேர் சொல்லிக் கேள்."

"ஐயோ ஆன்ட்டி, ஐ காண்ட். ரொம்ப வியர்டா இருக்கு."

உமா குறுக்கிட்டார். "என்னங்க இது? பெரியவங்கள மதிக்கணும்னு சொல்லிச் சொல்லி நல்லா வளர்த்திருக்கேன். நீங்க கெடுத்துடுவீங்க போலிருக்கே."

"நல்லாத்தான் வளத்திருக்கிறாய் உமா. அதுதான் இப்ப பிரச்சினை. கேள் பிள்ளை, தேத்தண்ணி ஆறுது."

தாரணி கண்ணை மூடிக்கொண்டு, "சுகந்தி... சுகர்?" என்றாள். உமா தலையில் கைவைத்தார். எனக்கு முகம் இறுகியது. ஆய்வுகூடத்தில் இருபது வயதுப் பையன்கள் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஒருநாளும் அது எனக்கு உறைத்ததில்லை. இந்தப் பெண்ணின் வாயிலிருந்து வந்தபோது, என்னிடமிருந்து எதையோ கேட்டு வாங்குவதுபோல இருந்தது. 'ஆன்ட்டி' என்ற அழைப்பு இவ்வளவு காலமும் எனக்கு எத்தனை பந்துகளைக் கொண்டுவந்து தந்திருக்கிறது என்று அன்றிரவு யோசித்தேன். எல்லாம் என் திறமைக்காக வந்தவை என்று நம்பியிருந்தேன்.

அந்தப் பருவத்தின் அரையிறுதி. ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவதன் முடிவில், எங்கள் இருவருக்கும் நடுவே உயரமாக ஒரு பந்து வந்தது. நான் கையைத் தூக்கிவிட்டேன். "சுகந்தி, விடு!" என்று ஒரு குரல். 'விடுங்க' அல்ல, 'விடு'. கை தானாக இறங்கியது. தாரணி என் தலைக்கு மேலாகப் பாய்ந்து பிடித்து, தரையில் கால் படுமுன்பே கூடைப் பக்கம் திருப்பிவிட்டாள். கோல். கோட்டுக்கு வெளியே உமா, "அடிப்பாவி!" என்றது எல்லோருக்கும் கேட்டது.

இடைவேளையில் அன்ரி என்னிடம் கையை நீட்டினார். எனக்குப் புரிந்தது.

"அடுத்த வருசம் எண்டு சொன்னனீங்கள்."

"அவள் இண்டைக்குத்தான் கூப்பிட்டிருக்கிறாள். விட்டால் அடுத்த வருசம் திரும்ப ஆன்ட்டி எண்டு நிப்பாள். கழட்டு."

நான் 'சி'யைக் கழற்றிக் கொடுத்தேன். கடைசிப் பகுதியைத் தாரணி நடுவில் ஆடினாள். ஒரு கோலால் தோற்றோம்.

எல்லோரும் போன பிறகு அன்ரியின் மடக்குக் கதிரைகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். "நான் நிண்டிருந்தால் வெண்டிருப்பம்," என்றேன். ஆறுதலாக ஏதாவது மறுத்துச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"ஓம்," என்றார். "வெண்டிருப்பம். பிறகு?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. காரை எடுத்தார்.

அன்ரி எப்போதும் நியாயமாக நடந்தார் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்குப் பிடித்தவர்கள் இருந்தார்கள். நடுவர்களைப் பார்த்துப் புன்னகைத்தபடியே தமிழில் அவர் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. வேடிக்கை பார்க்க வந்த கணவன்மாரைத் தோடம்பழம் வெட்டவைத்து, அதற்கு உப்பும் மிளகாய்த்தூளும் தூவ வைத்தார். எதிரணிப் பெண்கள் தயங்கித் தயங்கி ஒரு துண்டு எடுத்து, பிறகு தட்டையே கேட்டு வாங்கிப்போவார்கள். "தின்னட்டும், தின்னட்டும். வயிறு நிரம்பினால் மெல்லமா ஓடுவினம்," என்பார்.

அடுத்த பருவம் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். "உள்ளுக்கு நிண்டு நீ பந்தைத்தான் பாத்தனி. இப்ப ஆட்டத்தைப் பார்." ஒவ்வொரு இடைவேளையிலும் கேள்வி கேட்பார். ஆருக்குக் களைப்பு? ஆர் ஆருக்குப் பயப்பிடுறாள்? நீண்ட காலம் நான் பிழையாகவே சொன்னேன். அவர் திருத்தமாட்டார். "திரும்பப் பார்," என்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனாலும் போனேன். வீட்டில் இருந்தால் இன்னும் மோசமாக இருக்கும்.

இந்தக் குளிர்காலம் அவரால் வர முடியவில்லை. நோய் எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதை மருத்துவர் சொன்னதும், எங்களிடம் அவரே சொன்னார், மற்ற எல்லாவற்றையும் சொல்வதுபோலவே. அணியை என்னிடம் விட்டார். சனிக்கிழமைகளில் ஆட்டம் முடிந்ததும் போய் நடந்ததைச் சொல்வேன். கட்டிலில் சாய்ந்தபடி கேட்பார். கடைசியாகப் பார்த்த அன்று, நெடுநாளாக மனதில் இருந்ததைச் சொன்னேன்.

"எனக்கு இன்னும் உள்ளுக்குப் போகவேணும் போலத்தான் இருக்கு, அன்ரி. ஒவ்வொரு கிழமையும்."

"அது போகாது, பிள்ளை. எனக்கே இன்னும் போகேல்லை. கிடந்தபடி கால் ஓடுது, பார்." போர்வைக்குள் காலை அசைத்துக் காட்டிச் சிரித்தார். "அது தன்பாட்டில இருக்கட்டும். அதின்ர கதையைக் கேட்டு மட்டும் ஆளை மாத்திப்போடாதை."

"போட்டு வாறன்," என்றேன். "வா," என்றார்.

அடக்கம் முடிந்த மறுநாள் சனிக்கிழமை. அவர் சொன்னபடியே மழையிலும் எல்லோரும் வந்திருந்தோம். இரண்டாவது இடைவேளையில் தாரணி தன் மார்பிலிருந்த 'சி'யைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். "பிலோமினா ஆன்ட்டிக்காக ஒரே ஒரு குவார்ட்டர், சுகந்தி. ப்ளீஸ்." சுற்றி நின்ற எல்லோரும் அதையே சொன்னார்கள். அன்ரியின் மகளும் வந்திருந்தார். "அம்மாவுக்குச் சந்தோசமா இருக்கும்," என்றார். என் விளையாட்டுச் சப்பாத்துகள் காரில்தான் இருந்தன. அவை எப்போதும் காரில்தான் இருக்கின்றன.

கொஞ்சம் தள்ளி அனெட் கைகளை உதறிச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். பள்ளி முடித்த பிள்ளை. அன்றைய மூன்றாவது பகுதியில் முதன்முதலாக நடுவில் ஆடப்போகிறாள் என்று புதன்கிழமையே அவளிடம் சொல்லியிருந்தேன். நாங்கள் பேசிக்கொண்டிருந்ததை அவள் கேட்டிருக்க வேண்டும். எங்கள் பக்கம் பார்க்காமல், உதறுவதை மட்டும் மெல்ல நிறுத்தினாள்.

எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை இங்கே மறைக்கப்போவதில்லை. அந்த எழுத்தைக் கையில் வாங்கினேன். ஈரமாக இருந்தது. கொண்டுபோய் அனெட்டிடம் கொடுத்தேன்.

அவள் தன் முதல் பந்தையே தவறவிட்டாள். சுலபமான பந்து. என் கைகள் மடியிலிருந்தபடியே விரிந்தன, பிடிப்பதற்கு. அந்தக் கைகளை அன்ரி என்னிடமிருந்து எடுத்துவிடவில்லை. மடியில் வைத்திருக்கப் பழக்கினார். அதுதான் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது. "பரவாயில்லை அனெட், பந்தைத் திரும்பக் கேள்!" என்று கத்தினேன். அவள் கேட்டாள்.