கடைவாய்ப் பல்லும் கன்னத்து வேலும்

மாசி மகத் தேருக்குக் கன்னத்தில் வேல் குத்துவதாக நேர்ந்திருந்தேன். இரண்டு கருக்கள் தங்காமல் போன பிறகு, மூன்றாவதைச் சுமந்துகொண்டு மனைவி பிரசவ வார்டுக்குள் போனாள். வெளியே நின்றபடி மாரியம்மனிடம் நான் சொன்ன வார்த்தை அது. யாரையும் கேட்கவில்லை. மகள் நல்லபடியாகப் பிறந்தாள். நேர்த்தி பாக்கி இருந்ததால் அவள் தும்மினால்கூட ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மாத்தளை டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. ஆணி கேட்டு வருகிறவர் யோசிக்கும் நேரத்தில் நான் மூன்று தடவை கடைவாசலுக்குப் போய் வந்துவிடுவேன். மகளுக்கு ஒரு வயது நெருங்கிய அந்த வருடம், தை பிறந்ததும் இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்கியது. தேத்தண்ணி பட்டால் உச்சந்தலைவரை ஏறும். மாத்தளையில் கராம்புக்கா பஞ்சம்? ஒன்றை அதக்கிக்கொண்டே வியாபாரம் பார்த்தேன். பல்லைக் காட்டி வா என்று மனைவி சொல்லும்போதெல்லாம் தேர் முடியட்டும் என்று எரிந்து விழுந்தேன்.

கோவிலில் காப்புக் கட்டிக்கொண்டேன். மீன், இறைச்சி கிடையாது, தரையில் பாய். அந்த வாரமே வலி பட்டென்று நின்றது. சுடச்சுடத் தேத்தண்ணி குடித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஆத்தா எடுத்துவிட்டாள் என்று கடையில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னேன். கன்னத்தைச் சுத்தப்படுத்தி வைத்திருக்கிறாள் என்றே நம்பினேன்.

அதன் பிறகு ஒரு நாள் சோற்றை மெல்லும்போது அந்தப் பல் மட்டும் மற்றவற்றைவிட உயர்ந்து நிற்கிறாற்போல் இருந்தது. மறுநாள் கன்னம் வீங்கியது. மருந்துக் கடையில் கப்சூல் கொடுத்தார்கள். அதன் கூடு மாட்டெலும்பில் செய்வது என்று கடையில் கூட வேலை செய்கிறவர் சொன்னார். காப்புக் கட்டிய கையோடு அதை எப்படி விழுங்குவது? கூட்டைப் பிரித்து வீசிவிட்டு, தூளை மட்டும் வாழைப்பழத்தில் வைத்துச் சாப்பிட்டேன். வேப்பங்காய்க் கசப்பு. வீக்கம் கொஞ்சம் வாடியதும் அதையும் விட்டுவிட்டேன். இரண்டு நாளில் கன்னம் மறுபடி பொங்கி, காய்ச்சலும் சேர்ந்து, கண்ணாடியில் என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"இப்ப ஆஸ்பத்திரிக்கு வாறீங்களா, இல்ல நான் புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போகட்டா?" என்றாள் மனைவி. சத்தம் போடாமல்தான் கேட்டாள். எழுந்து சட்டையைப் போட்டேன்.

பல் கிளினிக்கில் வாங்கில் உட்காராமல் நடந்துகொண்டே இருந்தேன். "மாத்தயா, வாடிவெலா இன்ன" என்று அங்கிருந்த சிப்பந்தி இரண்டு தடவை என்னை உட்காரச் சொன்னார். டாக்டர் சின்ன வயசுப் பெண். படம் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, வேர் நுனியைச் சுற்றி ஒரு பயறு அளவு கறுப்பாக இருந்ததைக் காட்டினார். அங்கே எலும்பு கரைந்திருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னார்.

வலி நின்றது குணமாகி அல்லவாம். பல்லுக்குள் இருந்த நரம்பு செத்ததால் நின்றதாம். செத்த நரம்பு வழியாகக் கிருமி வேர் நுனிவரை இறங்கிவிட்டது. அதற்கு அப்பால் போகவிடாமல் உடம்பு அங்கே கூடி நின்று சண்டை பிடிக்கிறது. வீக்கம், சூடு, சீழ் எல்லாம் அந்தச் சண்டையால் வருவது. அப்படியென்றால் எலும்பைத் தின்றது கிருமியா என்று கேட்டேன். பெரும்பாலும் உங்கள் உடம்புதான், கிருமியைத் தடுக்கப் போய்த் தன் எலும்பையே கரைத்துக்கொள்கிறது என்றார். என்னைக் காப்பாற்ற வந்த உடம்பு இப்படிச் செய்வதா என்று எரிச்சல் வந்தது. செத்த பல்லுக்குள் இரத்தம் ஓடாது, வெறும் மருந்து போய்ச் சேராது, திறந்து சுத்தம் செய்தால்தான் சண்டை ஓயும் என்றார். திறந்ததும் நாற்றம் தாங்கவில்லை. ஆனால் பாரம் இறங்கியது.

காய்ச்சலுக்காக மருந்தும் எழுதினார். இந்தத் தடவை கப்சூலைக் கூட்டோடு விழுங்கினேன். வேல் குத்தலாமா என்று மட்டும் கேட்டேன். அவர் கையில் இருந்ததைக் கீழே வைத்தார். சீழ் இருக்கும் கன்னத்தைத் துளைத்தால் அது கழுத்துக்கு இறங்கலாம், மூச்சு அடைக்கலாம், குழந்தை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

தேர் நாள்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வேல் குத்தாவிட்டால் மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். தூங்குகிறவளின் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். அடுத்த வருடம் செய்கிறேன் என்று அம்மனிடம் பேரம் பேசினேன். பதில் தெரியாமல் மறுபடியும் நடந்தேன்.

தேர் அன்று காலை, இந்த வருடம் வேல் இல்லை என்ற முடிவோடு கோவிலுக்குப் போனதும் மனைவி மகளை என்னிடம் கொடுத்தாள். முடி இறக்கும் இடத்தில் போய் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். முழங்கால்வரை வரும் முடி அது.

"என்ன செய்யிற நீ?" என்றேன்.

"ஒங்க காய்ச்ச எறங்கணும்னு அன்னைக்கே நேர்ந்துக்கிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"நீங்க எங்கிட்ட சொல்லிட்டா நேர்ந்தீங்க?"

மகளை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டேன். தடுக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. குளித்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, சிரித்தபடிதான் எங்களிடம் வந்தாள்.

மகள் அந்த மொட்டைத் தலையை உற்றுப் பார்த்தாள். பிறகு வீறிட்டு அழுது என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அம்மாடா, அம்மாதான்டா" என்று சொல்லித் திருப்பத் திருப்ப, வீங்கிய என் கன்னத்துக்குள் முகத்தைப் புதைத்தாள். அப்போதுதான் மனைவியின் கண் நிறைந்தது. பிள்ளையை வாங்க நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றாள்.