அம்மன் கோயில் சுவத்துல என் மரவள்ளி மா!

அதான் கேக்குறேன், மாடு சும்மா ஒரு சுவத்த நக்குமாங்க?!

இன்னைக்கு காலையில பூ எடுத்துக்கிட்டு நம்ம தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு போறேன். சுவரு பளபளன்னு வெள்ளை!

(நாளைக்கு திருவிழா. விடியக்காத்தால எங்க வீட்டுக்காரர்தான் சுண்ணாம்பு அடிச்சாரு.)

பாத்தா, பக்கத்து லயத்து வீட்டு வரிசையில இருக்குற மல்லிகாவோட பசு கண்ண மூடிக்கிட்டு சுவத்த நக்குது!

"அடியே மல்லிகா, மாட்ட புடி! நாக்கு வெந்துரும்!"

"இழுத்தா வர மாட்டேங்குதுக்கா! ருசி கண்டுருச்சு!"

சுண்ணாம்புல என்னங்க ருசி?

ஒரு பொட்டு தொட்டு நாக்குல வச்சேன்.

தாயே!! என் மரவள்ளி மா!!!

மகளுக்கு சுகப்பிரசவம் ஆனா, எங்க வீட்டுக் கெழங்குல மா எடுத்து கஞ்சி காச்சி ஊத்துறேன்னு அம்மனுக்கு நேந்திருந்தேன். புள்ளைக்கு இப்ப அஞ்சு மாசம், குண்டு குண்டுன்னு இருக்கான்!

மரவள்ளிய புடுங்கி ரெண்டு நாள் வச்சா உள்ள நீலம் ஓடிரும். அதனால புடுங்குன அன்னைக்கே தோல் சீவி, துருவி, துணியில புழிஞ்சு, அந்தப் பால தெளிய விட்டு, மூணு தரம் தண்ணி மாத்தி, ஒரு வாளி மா எடுத்து வச்சிருந்தேன்.

பக்கத்துலயே அவரு கரைச்ச சுண்ணாம்பு வாளி. (ரெண்டும் ஒரே மாதிரி பழைய பெயிண்ட் வாளி!)

வீட்டுக்கு ஓடுனேன்.

"ஏங்க, மாவுக்கும் சுண்ணாம்புக்கும் வித்தியாசம் தெரியாதா? நாக்குல வச்சு பாத்திருக்கலாம்ல?"

"சுண்ணாம்ப எவன் நக்கி பாப்பான் புள்ள?"

"கை எரியலன்னாவது யோசிச்சிருக்கலாம்ல?"

"நல்ல சுண்ணாம்பு போலன்னு நெனச்சேன்! பட்டு மாதிரி இருந்துச்சு புள்ள. துணிக்கு போடுற நீலம் கூட கலந்தேன்!"

(வாளியில மிச்சமிருந்த மாவும் போச்சு!)

"கதவோரம் இருக்குற வாளிதான் சுண்ணாம்புன்னு நீதானே சொன்ன?"

"பேசாதீங்க! நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அம்மன் முன்னால நிப்பேன்?"

கோயிலுக்கு திரும்பி ஓடி சொன்னா, பூசாரி அண்ணனுக்கு ஒரே சிரிப்பு. "தங்கச்சி, அம்மனுக்கு நேந்தது அம்மன் வீட்டுக்குத்தானே வந்திருக்கு? பசுவுக்கும் பிரசாதம் கெடச்சிருச்சு!"

எனக்கு மனசு கேக்கல. நேந்தது கஞ்சி, பெயிண்டா?

கொல்லையில மிச்சமிருந்த மரவள்ளி பூராவும் புடுங்கியாச்சு. தண்டனையா, அவ்வளவையும் அவருதான் தோல் சீவணும்னு சொல்லிட்டேன்! ராவுக்கு தெளிய விட்டா காலையில மா ரெடி. கஞ்சி குடிக்க எல்லாரும் வாங்க!

பாவம், மனுசன் இந்தா பின்பக்கம் உக்காந்து சீவிக்கிட்டு இருக்காரு.

நீங்களே சொல்லுங்க, நான் ஏசுனது சரிதானே?

ஐயையோ, இருங்க... இப்பத்தான் ஞாபகம் வருது.

நேத்து வெளக்கு வைக்க முன்ன வீடு கூட்டுறப்ப ரெண்டு வாளியையும் நகத்துனேன். திரும்ப மா வாளிய கதவோரம் வச்சது நாந்தான்.