படலையில் கட்டிய வேப்பிலை

ஹொங்கொங் காய்ச்சல் எங்கள் பல்கலைக்கழக விடுதிக்கு வந்தபோது எல்லோரும் மருத்துவரானோம். பென்சிலின் ஊசி போட்டால் நின்றுவிடும் என்றாள் ஒருத்தி. வெயிலில் நின்றால் வைரஸ் செத்துவிடும் என்றாள் இன்னொருத்தி. விலங்கியல் படித்த நான் இருவரையும் திருத்தினேன். அதற்கு மருந்தில்லை, மூச்சிலும் இருமலிலும் பரவும், காய்ச்சல் தெரியவருமுன்பே அடுத்தவருக்குத் தொற்றிவிடும், கர்ப்பிணிகளை மோசமாகப் பிடிக்கும் என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார். பிறகு நானும் படுத்து எழும்பினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். விடுமுறைக்கு உப்புவெளிக்கு வந்தபோது, படித்தது வீட்டுக்குத் தேவைப்படும் என்று நினைத்திருக்கவில்லை.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை. நான் வந்த கொஞ்ச நாளில், ஒரு மத்தியானம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, சோறு வேண்டாம் என்று கட்டிலில் சரிந்தார். அந்த இருமலை நான் விடுதியில் கேட்டிருந்தேன். குசினியில் அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பிள்ளைப்பேற்றுக்காக வந்திருந்தாள். முதல் பிள்ளை வயிற்றிலேயே போய், நீண்ட காலத்துக்குப் பிறகு தங்கிய பிள்ளை இது.

அக்காவைப் பின்னறையில் இருக்கச் சொன்னேன். எனக்கு ஒருமுறை வந்துபோனதால் அப்பாவை நானே பார்த்தேன். அம்மா ஒத்துக்கொண்டார். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் படுத்தால், பாணும் பிஸ்கற்றும் கொண்டுவந்து, கட்டிலோரம் இருந்து கையைப் பிடித்துச் சுகம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பகை. அப்பாவோடு வேலை செய்யும் கிண்ணியா முஸ்லிம் நண்பர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், முதலில் வந்தார். வேலிப் படலையில் மறித்தேன்.

"உள்ள வராதீங்கோ நானா. தொத்துற காய்ச்சல்."

"ஒண்டா மூட்டை தூக்கிறம், ஒண்டாச் சாப்பிடுறம். இனி என்ன புள்ள புதுசாத் தொத்த இருக்கு? நீ டொக்டருக்கா படிக்கிறாய்?"

"இல்லை, விலங்கியல்."

"அப்ப என்ட மாடு படுத்தாச் சொல்லியனுப்புறன், வா."

சிரித்துக்கொண்டே உள்ளே போனார். திரும்பும்போது பின்னறை யன்னலில் முகத்தை வைத்து அக்காவிடமும் சுகம் கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

"மூச்சில வருது எண்டா ஆரடி நம்புவினம்?" என்றார் அம்மா. "மூச்சு கண்ணுக்குத் தெரியுதோ?"

மறுநாள் காலை வேப்பங்கொத்து ஒடித்துப் படலையில் கட்டினேன். அம்மை கண்ட வீட்டுக்கு அதுதான் அடையாளம்; அம்மாள் வருத்தம் வந்த வீடென்றால் ஒருவரும் வாசல் மிதிக்கமாட்டார்கள்.

"அம்மாளோட விளையாடாதை."

"அக்கான்ர வயித்தைப் பாருங்கோம்மா."

அம்மா உள்ளே போனார்.

ஒழுங்கையில் வந்தவர்கள் வேப்பிலையைக் கண்டு எதிர்ப்பக்கம் ஒதுங்கி நடந்தார்கள். பாணை வேலியில் கொழுவிவிட்டுப் போனார்கள். விடுதியில் ஒருத்தியும் இதை யோசித்திருக்கமாட்டாள் என்று எனக்குப் பெருமை. அப்பாவுக்கு வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது. அக்காவுக்குத் தும்மல்கூட இல்லை. ஆனால் வேலிக்கு அப்பால் இருமல் தொடங்கியிருந்தது. முதலில் ஒரு வீட்டில், பிறகு அடுத்ததில், பிறகு எந்த வீடென்று சொல்ல ஏலாதபடி.

அப்படியிருக்க, ஒரு முற்பகலில் அக்காவுக்கு நாளுக்கு முன்பே வலி கண்டது. அம்மா ஓடிப்போய் மருத்துவிச்சிக்குச் சொல்லிவிட்டு வந்தார். மருத்துவிச்சி சைக்கிளில் வந்து, வேப்பிலையைக் கண்டதும் ஒரு காலை ஊன்றி நின்றார்.

"அம்மாள் எண்டு ஏன் சொல்லேல்ல? இதுக்குள்ள வந்திட்டு நான் மற்றப் பிள்ளைப்பெத்த வீடுகளுக்குப் போகேலாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ."

"எழும்ப ஏலாது அம்மா!" என்று அக்கா உள்ளே கத்தினாள்.

நான் கொத்தைப் பிய்த்தெடுத்தேன்.

"அம்மாள் இல்லை. அப்பாவுக்குச் சளிக்காய்ச்சல், மாறீட்டுது. சனம் வராமல் இருக்க நான்தான் கட்டினனான்."

"பெரிய கெட்டிக்காரிதான் நீ!" மருத்துவிச்சி சிரித்தார். சிரிப்பு இருமலாகி, சைக்கிள் கைபிடியில் குனிந்து இருமி முடித்தார். "ஒண்டுமில்லை. இந்தக் கிழமை முழுக்க இருமுற வீடுகளுக்குள்ளதானே நிண்டனான்."

கொடியில் கிடந்த துவாயை எடுத்து நீட்டினேன். "வாயை மூடிக் கட்டுங்கோ."

"மூச்சு விடாமல் பிள்ளை எடுக்க ஏலாது, தங்கச்சி." துவாயை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

அக்கா மறுபடியும் கத்தினாள். வேறு மருத்துவிச்சி அந்தப் பக்கத்தில் இல்லை. கையில் வேப்பிலையோடு, படலையை அகலத் திறந்துவிட்டேன்.