தலைகீழாக நின்ற கல்லுப்பெண்

வௌவால் எச்சமும் எண்ணெய்ப் பிசுக்கும் ஈரக் கல்லின் குளிர்ச்சியும் கலந்து மூக்கில் ஏறுகிற ஒரு மணம் பழைய கற்கோயில்களுக்கு உண்டு. எங்கள் ஊர்க் கோயிலைக் கண்ணால் காண்பதற்கு முன்பே அந்த மணம் எனக்குப் பழக்கமாயிருந்தது. ஊர் முழுவதும் இராணுவ வேலிக்குள் போய்விட, கோப்பாயில் ஒரு வாடகை வீட்டின் பின்னறையில் நாங்கள் இருந்த காலத்தில், வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மா சொல்லிச் சொல்லி வந்த மணம் அது.

எங்கள் மண்ணின் கல் சுண்ணாம்புக் கல், உளி பட்டால் உதிர்ந்துவிடும். ஆகவே அரசர் காலத்தில் கருங்கல்லைத் தோணியில் கொண்டுவந்து செதுக்கினார்களாம். பறங்கியர் கோயில்களை இடிக்க வந்தபோது ஊரவர் தூண்களைக் கழற்றிக் கிணறுகளில் போட்டு மூடினார்கள், ஆபத்து நீங்கியபின் அவர்களின் சந்ததி எடுத்து நட்டது. நட்ட அவசரத்தில் ஒரு தூணைத் தலைகீழாக நட்டுவிட்டார்கள். அதில் விளக்கேந்தியிருந்த பெண், கால் மேலேயும் தலை கீழேயுமாக நிற்கலானாள். தொட்டால் சாமிக் குற்றம் என்று பின்வந்த எவரும் அதைத் திருத்தத் துணியவில்லை. அந்தத் தூணடியில்தான் அம்மாவுக்குத் தாலி ஏறியது. "பாவம் பிள்ளை, எத்தினை தலைமுறையாக் கழுத்து நோக நிக்கிறாள்," என்பார் அம்மா, சொந்தத் தங்கையைப் பற்றிக் கதைப்பதுபோல.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஒரேயொரு நாள் பூசைக்கு உள்ளே போய்வர அனுமதி கிடைத்தது. அம்மா, இடப்பெயர்வுகளில் பானை சட்டியைக் கைவிட்டாலும் கைவிடாமல் காவித் திரிந்த கல்யாணக் "கூறைச்சேலை"யை எடுத்து வெயிலில் விரித்தார். அப்பாவுக்கு வேறு கவலை. ஜேர்மனியில் அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் வருத்தம் கடுமையாகி ஆசுப்பத்திரியில் கிடந்தார். பங்காளி இறந்துபோனால் குடும்பத்துக்கே "துடக்கு", ஒரு மாதத்துக்குக் கோயில் வாசல் மிதிக்கக்கூடாது. ஆனால் "காதிலை விழுந்தால்தான் துடக்கு" என்றும் பெரியவர்கள் சொல்லிவைத்திருந்தார்கள். ஆகவே அந்தக் கிழமை முழுவதும் அப்பா சந்தியிலிருந்த ரெலிபோன் கடைப் பக்கமே போகாமல், வயல் ஒழுங்கைகளைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். யாராவது "அண்ணை" என்று கூப்பிட்டால், மணியை அடித்தபடி சைக்கிளை இன்னும் வேகமாக மிதித்தார்.

அந்த நாள் விடிந்து, அப்பா கிணற்றடியில் தண்ணீர் வார்த்துக்கொண்டிருக்கையில், ரெலிபோன் கடை அக்கா படலையடிக்கு வந்து அம்மாவின் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனதைக் கண்டேன். அம்மா வெயிலில் கிடந்த கூறையை மடித்து மறுபடி பெட்டிக்குள் வைத்துவிட்டுச் சாதாரண நூல்சேலையில் வெளிக்கிட்டார். கேட்டதற்கு, "அது கசங்கிப்போய்க் கிடக்கு," என்றார்.

பேருந்தில் போய், சோதனை முடிந்து, பற்றைகளுக்கூடாக நடந்து சேர்ந்தபோது, வந்தவர்களெல்லாம் வாசலில் விழுந்து அழுதுகொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் வீதிக்கு அப்பால் ஒரு பூவரச மரத்தடியில் நின்றுவிட்டார்.

"இஞ்சாருங்கோ, எனக்குக் கால் நோகுது. நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"உவ்வளவு தூரம் வந்திட்டு நீர் வரேல்லையே?"

"பிள்ளை வடிவாப் பார்த்திட்டு வந்து எனக்குச் சொல்லுவாள்."

அப்பா அம்மாவை ஒருகணம் உற்றுப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

கூரை விழுந்திருந்தது. தூண்கள் மட்டும் வெயிலில் நின்றன, யாளியும் தாமரையும் அன்னமுமாக. கல்லுப்பெண்ணின் முகம் பிடிபடாததால், நான் திரும்பி நின்று குனிந்து, கால்களுக்கிடையால் அவளைப் பார்த்தேன். கோயிலில் என்ன விளையாட்டு என்று அப்பா அதட்டவில்லை. அவர் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திரும்புகையில் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். "அவள் சிரிச்சுக்கொண்டு நிக்கிறாள் அம்மா."

"சிரிக்கிறாளோ? நான் ஒருநாளும் காணேல்லையே," என்று அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பின்னேரம் கிணற்றடியில் வைத்து அம்மா செய்தியைச் சொன்னார், ஜேர்மனி அண்ணர் விடியவே போய்விட்டாரென்று. "நீர் மரத்தடியிலை நிண்டபோதே எனக்கு விளங்கிட்டுது," என்று சொல்லிவிட்டு அப்பா வாளியைத் தலையில் கவிழ்த்தார். முகம் அறியாத அந்தப் பெரியப்பா மீது எனக்கு அடக்கமுடியாத கோபம் வந்தது. இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால் என்ன?

அதற்குப் பிறகு மறுபடி சண்டை தொடங்கிவிட்டது, அனுமதியும் இல்லை. வேலி அகன்று பாதை திறந்தபோது அப்பா இல்லை, எங்களிடம் அலைவதற்குத் தெம்பும் இல்லை. வெளிநாட்டுக் காசில் கோயிலைத் திருத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டும், போவோம் போவோம் என்றே வருடங்கள் கழிந்தன. போன மாதம்தான் அம்மாவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். வாசலில் இறங்கப் பார்த்தார், முழங்கால் மடங்கவில்லை.

"எனக்குக் கால் நோகுது பிள்ளை. நீ போய்ப் பார்த்திட்டு வந்து சொல்லு."

இம்முறை அது பொய்யில்லை.

உள்ளே பெயின்ற் மணம்தான் அடித்தது. தரையெல்லாம் பளிங்குக் கல், வரிசையாக உருண்டைச் சீமெந்துத் தூண்கள், அவற்றில் நீலப் பச்சை மயில்கள். பழைய தூண்கள் எங்கே என்று பரிபாலன சபைக்காரர் ஒருவரிடம் கேட்டேன். "அதுகளை அத்திவாரத்துக்குப் போட்டிட்டம் தங்கச்சி. நல்ல பலமான கல்லுகள்," என்றார் பெருமையாக. கிணற்றுக்குள் போட்டவர்கள் திரும்ப எடுப்பதற்காகப் போட்டார்கள். அதைச் சொல்லிச் சண்டை பிடிக்கலாம்தான். எனக்குக் களைப்பாக இருந்தது. அந்தப் பளிங்கின் மேல் சிறிது நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தேன்.

அம்மா ஓட்டோவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தபடி கேட்டார்: "அவளை நிமித்தி வைச்சிட்டினமோ?"

"ஓம் அம்மா. நிமித்தி வைச்சிட்டினம்."

"அப்பாடா. இனி அவளுக்குக் கழுத்து நோகாது," என்று சொல்லி, இருந்த இடத்திலிருந்தே அம்மா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குவித்தார்.